அப்பனுக்குக் காப்பீடு உண்டு, மகனுக்கு இல்லை: அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கும் செயற்குழுவினருக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையைத் தொட்டுக்கொண்டு, இரயுமன்துறையில் தொடங்கி நீரோடி வரைக்கும் எட்டு மீனவ ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் பழைய ஏவிஎம் கால்வாய். நடுவில் உள்ள மணல் துண்டில்தான் வீடுகள், கோயில்கள், வலை உலர்த்தும் இடம், பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் எல்லாம். இந்த எட்டு ஊர்களில் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக நான் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்னால் நானும் சென்னை லீகில் சில சீசன் இடது பின்களத்தில் ஆடியவன்தான்.

உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். உங்கள் பதிவேட்டில் பெயர் இருக்கும் எந்த ஆட்டக்காரனுக்கும், ஆட்டத்தில் காயம்பட்டால் வைத்தியம் பார்க்க வழியும், திரும்பிவரும் வரைக்கும் சாப்பாட்டுக்கு வழியும் இருக்கவேண்டும். அது அணியின் தயவைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. பதிவின் நிபந்தனையாகவே இருக்கவேண்டும். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல ஒரு பையனின் கதையிலிருந்து தொடங்கவேண்டும்.

அவன் பெயர் வேண்டாம். வயது பத்தொன்பது. வலது விங். எட்டு வயதிலிருந்து என்னிடம் ஆடுகிறவன். அவனுடைய அப்பா ஆழ்கடல் தங்கலுக்குப் போகிறவர். கொச்சித் துறைமுகத்தில் படகு ஏறினால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் கரை திரும்ப. அந்த வீட்டில் கடலுக்குப் போகாத முதல் ஆண்பிள்ளை இவன். "இவனாவது தரையில நின்னு சம்பாதிக்கட்டும் சாரே" என்று அவன் அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இருந்தும் சரி என்றேன்.

போன வருடம் ஒரு நகரத்து அணி அவனை எடுத்தது. மாநில அளவில் நடக்கிற லீக். ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆட்டம் முடிந்ததும் கவரில் பணம் வரும். தங்க ஒரு அறை, ஆறு பேர். கையெழுத்துப் போட எந்தத் தாளும் கொடுக்கவில்லை. ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், போட்டோ வாங்கி கம்ப்யூட்டரில் பதிவு செய்தார்கள். உங்கள் கூட்டமைப்பின் பதிவு எண் வந்தது. அந்த எண்ணை அவன் பள்ளிக்கூடப் பரீட்சை மதிப்பெண்ணைப் போல ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

நான்காவதோ ஐந்தாவதோ ஆட்டம். இரண்டாம் பாதி. பந்தை வாங்கித் திரும்புகிறான், பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் தொடவில்லை. பூட்டின் ஸ்டட் புல்லில் மாட்டி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ராத்திரி எனக்குப் போன் போட்டான். "சாரே, முட்டு ஒண்ணு திருகிப்போச்சு. உள்ள டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது. பக்கத்துல நின்னவனுக்கும் கேட்டுதாம்." அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து ஆடிய எவனுக்கும் தெரியும். ஏசிஎல் என்று மூன்று எழுத்தில் சொல்கிறோமே, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டுக்குள் இழுத்துப் பிடித்திருக்கிற அந்த நார், அறுந்தால்தான் அப்படிச் சத்தம் வரும்.

களத்தில் ஸ்ப்ரே அடித்தார்கள், துணி சுற்றினார்கள். நடந்தே வெளியே வந்தான். ஏசிஎல்லின் கொடுமை அதுதான். அறுந்த பிறகும் நடக்கலாம். வீக்கம் வற்றியதும் ஓடலாம்கூட. நேராக ஓடினால் ஒன்றும் தெரியாது, திரும்பும்போதுதான் முட்டு நழுவும். ஸ்கேன் எடுக்கச் சொல்லி யாரும் அவனை அனுப்பவில்லை. "தசை பிடிச்சிருக்கும், ரெண்டு வாரம் பாரு" என்றார்கள். மூன்றாவது வாரம் இறக்கினார்கள். ஆடாவிட்டால் கவர் இல்லை என்பதால் அவனும் இறங்கினான். அன்று மறுபடி முட்டு நழுவி, இந்த முறை உள்ளே இருக்கிற குருத்தெலும்பும் கிழிந்தது.

ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். வைத்தியச் செலவு பற்றி நான் போன் செய்து கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். "எங்க டீமே கஷ்டத்துல ஓடுது சார். அதோட அவன் அமெச்சூர் பிளேயர்தானே, நாங்க என்ன பண்ண முடியும்?"

அமெச்சூர். இந்தச் சொல்லைத்தான் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆட்டக்காரர் பதிவு விதிகளில் இரண்டே வகைதான் உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகிற செலவைவிட அதிகமாகப் பணம் வாங்குகிறவன் தொழில்முறை ஆட்டக்காரன். மற்ற எல்லோரும் அமெச்சூர். விதி தெளிவாக இருக்கிறது. ஆனால் நம்மிடம் அது தலைகீழாக வேலை செய்கிறது. பணம் கொடுக்கிறார்கள், தாள் கொடுப்பதில்லை. தாள் இல்லாததால் அவன் அமெச்சூர். அமெச்சூர் என்பதால் எந்தக் கடமையும் இல்லை. அவனுக்கு வேறு வேலை கிடையாது, காலை நாலரைக்கு எழுந்து ஓடுகிறான், அந்தக் கவரை நம்பித்தான் மாதம் ஓடுகிறது. அவனை அமெச்சூர் என்று பதிவு செய்வதற்கும், படகில் போகிற கூலியாளைச் சுற்றுலாப் பயணி என்று பதிவு செய்வதற்கும் என்ன வித்தியாசம்?

2008இல் ஃபிஃபா ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்கும். தொழில்முறை ஆட்டக்காரனின் ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் என்னென்ன இருக்கவேண்டும் என்ற பட்டியல் அது. விபத்துக்கும் நோய்க்கும் காப்பீடு, ஆடமுடியாமல் இருக்கும் காலத்துக்குச் சம்பளம் இரண்டும் அதில் இருக்கின்றன. காயத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது என்பது ஃபிஃபாவின் தீர்ப்பாயம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிற விஷயம். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி விழுந்தால், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஆட்டக்காரன் விலகிக்கொள்ளலாம் என்ற விதியும் இருக்கிறது. எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் எல்லாமே அந்த ஒற்றைத் தாளுக்குப் பின்னால் நிற்கின்றன. தாள் இல்லாதவனுக்கு ஒரு விதியும் இல்லை.

எங்கள் கரையிலேயே இன்னொரு கதையும் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்தது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ். எங்கள் பிள்ளைகளின் சுவரில் அவர் படம்தான். சென்னை சிட்டி அணியில் ஐ-லீக் என்ற தேசியத் தொடர் ஆடி, ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய், ஏடிகே அணியோடு 2019-20 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றவர். இடது பக்கம் அவர் பந்தோடு ஏறுகிற வேகத்தைப் பார்த்து எட்டு ஊரும் டிவிக்கு முன்னால் எழுந்து நிற்கும். 2020 நவம்பர் 20, கோவாவில் அடுத்த சீசனின் முதல் ஆட்டம். கொரோனாக் காலம், மைதானத்தில் பார்வையாளர் இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு டிவி ஓடியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை.

அவருக்கு வயது அப்போது 26. ஆட்டக்காரன் என்கிற மரம் முழுக்கப் பூத்து நிற்கிற வயது. அந்த வயதில் ஒரு சீசன் என்பது சாதாரணமா? இருந்தாலும் அவருக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருந்தது, அணிக்கென்று மருத்துவரும் பிசியோவும் இருந்தார்கள். மறுபடி பூட் மாட்டினார், பிறகு ஒடிசா அணிக்கும் போனார். என் பையனுக்கும் அவருக்கும் முட்டில் அறுந்தது ஒரே நார்தான். ஒரே கடற்கரைக்காரர்கள். மேல்தட்டு லீகில் அறுந்தால் ஒரு வழி, கீழ்த்தட்டு லீகில் அறுந்தால் பஸ் டிக்கெட். ஆனால் பதிவு எண் இரண்டும் உங்களுடையதுதானே?

இனி காப்பீட்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "காப்பீடு செய்துவிட்டோம்" என்று ஓர் அறிவிப்பு வந்து, அது ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது.

மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25 ஆயிரம். மீனவன் தன் கையிலிருந்து அதற்குப் பணம் கட்டுவதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் எங்கள் ஆண்களை வாரிக்கொண்டு போனதே, அதற்குப் பிறகு இந்தக் கரையில் காப்பீடு என்றால் என்ன என்று தெரியாத பெண் கிடையாது. எந்தத் தாள் எந்த அலுவலகத்தில் கேட்பார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதனால்தான் அந்தப் பையனின் அம்மா, அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கொண்டுவந்த மறுநாளே என்னிடம் கேட்டார்: "இவன் பேரு கவர்மென்ட் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னானே சாரே, அப்போ அதுக்கொரு இன்சூரன்ஸ் இருக்குமில்ல?"

நீங்கள் அரசாங்கம் இல்லை என்று அவருக்கு விளக்க முடியவில்லை. இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. உயிருக்கே உத்தரவாதம் இல்லாத கடலுக்குப் போகும் புருஷனுக்கு இருக்கிற ஒன்று, புல் தரையில் ஓடும் பிள்ளைக்கு எப்படி இல்லாமல் போகும் என்பது அவருக்குப் புரியவே இல்லை. எனக்கும் புரியவில்லை.

ஆனால் மீனவர் காப்பீட்டை அப்படியே தூக்கிவந்து ஆட்டக்காரனுக்கு மாட்டினாலும் அது பொருந்தாது. வழக்கமான விபத்துக் காப்பீட்டின் கண்ணில் மனிதன் ஒன்று செத்திருக்கவேண்டும், இல்லை ஊனமாகியிருக்கவேண்டும். ஏசிஎல் அறுந்தவன் நடப்பான். மாடி ஏறுவான். சைக்கிள் மிதிப்பான். காப்பீட்டுக்காரர் எழுதும் தாளில் அவன் முழு ஆள். அவனால் செய்யமுடியாத ஒரே காரியம், ஓடும் ஓட்டத்தில் காலை ஊன்றித் திரும்புவது. அந்த ஒரு காரியம்தான் அவன் பிழைப்பு. ஆகவே ஆட்டக்காரனுக்கான காப்பீட்டில் மூன்று விஷயம் தெளிவாக எழுதப்பட்டிருக்கவேண்டும்: லிகமென்ட், குருத்தெலும்பு, தசைநார் காயங்களுக்கு ஸ்கேனும் அறுவையும், அறுவைக்குப் பின்னால் பிசியோ, ஆடாமல் இருக்கும் மாதங்களுக்கு ஒரு சிறு வருமானம். இந்த மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அறுவை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து முட்டுக்குள் புது நாராகக் கட்டிவிடுவார்கள். அது உயிர்பிடித்து இறுகுவதற்கு ஒன்பது மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம். அந்த ஒன்பது மாதத்தில் தினமும் என்ன செய்கிறான் என்பதுதான் அவன் திரும்பி ஆடுவானா மாட்டானா என்பதைத் தீர்மானிக்கும்.

எங்கள் பையனுக்கு அறுவை நடந்தது. அம்மாவின் வளையலும், அப்பா படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணமும். பிசியோவுக்கு நாகர்கோவிலுக்கு வாரம் மூன்று நாள் போகச் சொன்னார்கள். முதல் மாதம் போனான். அப்புறம் போக்குவரத்துக்கும் கட்டணத்துக்கும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மீதியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் பிசியோ இல்லை. அவர்கள் எழுதிக்கொடுத்த தாளை வைத்துக்கொண்டு, போனில் கேட்டுக் கேட்டுச் செய்கிறோம்.

தொடை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளக்க எங்களிடம் இருப்பது வலைநூல். முட்டுச் சிரட்டைக்கு மேலே ஒரு சாண் அளந்து, இடது தொடையைச் சுற்றி நூலைப் பிடித்து ஒரு முடிச்சு. அதே நூலை வலது தொடையில் சுற்றி இன்னொரு முடிச்சு. அறுவை முடிந்து ஆறாவது வாரம் இரண்டு முடிச்சுக்கும் நடுவில் மூன்று விரல்கடை இடைவெளி இருந்தது. பச்சை நைலான் நூல். அவன் அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து அளக்கிறோம். இப்போது இடைவெளி ஒரு விரல்கடைக்கு வந்திருக்கிறது. அந்தக் கடைசி விரல்கடைதான் அசைய மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் ஒரு பையனின் கதை என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. இந்த நாட்டுக் கால்பந்து இதைவிடப் பெரிய இழப்புகளைப் பார்த்திருக்கிறது. 2004 டிசம்பரில் பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். டெம்போ அணியின் பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் இரண்டு கோல் போட்டார். இரண்டாவது கோல் போடும்போது கோல்கீப்பரோடு மோதி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. அதிலிருந்தாவது பாடம் படித்திருக்கவேண்டும். 2012இல் அதே பெங்களூரில், லீக் ஆட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த வெங்கடேஷை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆம்புலன்ஸ் இல்லை. அவர் பிழைக்கவில்லை. 2019 டிசம்பரில் கேரளத்துப் பெரிந்தல்மண்ணாவில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் ஒன்றில் தனராஜன் விழுந்து இறந்தார். மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடியவர். முப்பத்தொன்பது வயதில் செவன்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

செவன்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். மலப்புறத்து மக்களின் வெறியை நேரில் பார்த்தவன். எங்கள் பிள்ளைகளும் அங்கே போய் ஆடுகிறார்கள், அந்தப் பணத்தில்தான் பலர் வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஆனால் பெரிய அணிக்கு ஆடியவர்கள் ஏன் நாற்பதை நெருங்கும் வயதில், கரடுமுரடான தரையில், விளக்கு வெளிச்சத்தில், உங்கள் பதிவுக்கு வெளியே போய் ஆடுகிறார்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள். பதினேழில் தொடங்கி முப்பத்திரண்டில் முடிகிற தொழில் இது. சுனில் சேத்ரியைப் போல 2005இல் தேசிய அணிக்கு வந்து, 2024இல் விடைபெற்று, நாற்பது வயதில் மறுபடி அழைக்கப்பட்டு மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போடுகிறவர் ஒருவர்தான். அவரை அளவுகோலாக வைத்து மற்றவர்களின் வாழ்க்கையை அளக்க முடியாது.

முன்பெல்லாம் எங்கள் காலத்தில் ஆட்டக்காரனுக்கு ஒரு கரை தெரிந்தது. ஐசிஎஃப், ரயில்வே, வங்கி, போலீஸ், வருமான வரி அலுவலகம் என்று ஆபீஸ் அணிகள். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலொடிந்தாலும் மேசை இருக்கும், பென்ஷன் இருக்கும். நான் அந்த வேலைக்காக ஐந்து வருடம் கெஸ்ட் பிளேயராகவே ஆடினேன், கிடைக்கவில்லை. அது வேறு கதை. இப்போது அந்த வாசல்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கிவிட்டன. அதற்குப் பதிலாக "தொழில்முறைக் கால்பந்து வந்துவிட்டது, ஒப்பந்தம் வந்துவிட்டது" என்றார்கள். சந்தோஷப்பட்டோம். ஆனால் ஆபீஸ் அணி கொடுத்த பாதுகாப்பு போன வேகத்துக்கு, ஒப்பந்தம் தரவேண்டிய பாதுகாப்பு கீழே இறங்கிவரவில்லை. நடுவில் ஒரு தலைமுறை தொங்கிக்கொண்டு நிற்கிறது.

மேலே இருப்பவர்களும் பத்திரமாக இல்லை என்பதை 2025 காட்டிவிட்டது. 2010இல் நீங்கள் போட்ட, ஐஎஸ்எல் நம்பியிருந்த பதினைந்து வருட வணிக ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். ஆனாலும் ஜூலையில்தான் ஐஎஸ்எல் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று செய்தி வந்தது. சில அணிகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. செப்டம்பரில் தொடங்கவேண்டிய தொடர் வருடம் முடியும்வரை தொடங்கவில்லை. தேசிய அணிக்கு ஆடுகிறவர்களே ஒன்றுசேர்ந்து, எங்கள் கால்பந்தைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவைப் பார்த்து வீடியோவில் கேட்கும் நிலை வந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் ஒரு தகப்பன் தன் மகனைப் பயிற்சியிலிருந்து நிறுத்திப் படகில் ஏற்றினார். பதினாறு வயசு. எனக்கு அவரைத் தடுக்க வாய் வரவில்லை.

இங்கிலாந்தில் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்தது 1907இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஆட்டத்தில் காயம்பட்ட வாக்கர் என்ற கிரிஸ்டல் பேலஸ் ஆட்டக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கால்பந்து ஆடுவது ஒரு பொழுதுபோக்கு, இவன் எப்படித் தொழிலாளி ஆவான் என்று அணி வாதாடியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்கவில்லை. அணி சொல்கிற நேரத்தில், அணி சொல்கிறபடி ஆடி, வாரக்கூலி வாங்குகிறவன் தொழிலாளிதான், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அவனுக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நூறு வருடத்துக்கு முன்னால் முடிந்த விவாதம் அது. நம்மிடம் 2006இல்தான் பைச்சுங் பூட்டியா முதலானவர்கள் ஆட்டக்காரர் சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தின் குரல் எட்டாத மாநில லீக்குகளில் ஆடுகிறவர்களுக்கு இருக்கும் ஒரே முகவரி நீங்கள்தான்.

பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2018இலும் 2023இலும் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள். அந்த அணிகளைப் பார்த்துப் பந்தைத் தொட்ட சிறுமிகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏசிஎல் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம் வருகிறது என்பது மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். ஒரு பெண்பிள்ளை முட்டில் கட்டோடு வீட்டுக்கு வந்தால், அடுத்த நாள் அவள் பந்து மட்டுமல்ல, வாசல் தாண்டுவதும் நின்றுபோகும் வீடுகள் உண்டு. அவளுக்கு இரண்டாவது சந்தர்ப்பம் என்று ஒன்று கிடையாது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனித்தனி அணியாகப் போய்க் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டால் கட்டுப்படியாகாது, எனக்குத் தெரியும். நானே எங்கள் கிளப்புக்காகக் கேட்டுப் பார்த்தேன். முப்பது பையன்களுக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். குழுக் காப்பீடு தலை எண்ணிக்கை கூடக்கூட ஒரு தலைக்கு மலிவாகும். நாடு முழுக்க இருக்கிற எல்லாத் தலைகளும் ஒரே இடத்தில் இருப்பது உங்கள் பதிவேட்டில் மட்டும்தான். பேரம் பேச உங்களால்தான் முடியும். பதிவுக் கட்டணத்தோடு ஒரு பங்கு, அணியிடம் ஒரு பங்கு, மாநிலச் சங்கத்திடம் ஒரு பங்கு, மீதியை நீங்கள் போடுங்கள். எங்கள் பையனிடமும் ஒரு பங்கு வாங்குங்கள், தருவான். இலவசமாகக் கேட்கவில்லை. ஓர் ஆட்டக்காரன் அணி மாறும்போது கைமாறும் தொகையில் 5 சதவீதம், பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று வயதுவரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குப் போகவேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது அல்லவா? அந்தப் பணம் எங்களைப் போன்ற மணல்கரைக் கிளப்புகளுக்கு ஒழுங்காக வந்தால், எங்கள் பங்கை நாங்களே கட்டிவிடுவோம். ஆனால் அந்த வயதில் அவன் எங்களிடம்தான் ஆடினான் என்று எங்கும் பதிவாகாததால் ஒரு பைசா வருவதில்லை. அதையும் நீங்கள் சரிசெய்யலாம்.

தாள் விஷயமும் அப்படித்தான். ஆட்டத்துக்குப் பணம் கொடுக்கிற அணி எதுவாக இருந்தாலும், ஒரே ஒரு பக்கத்தில், அவனவன் மொழியில், ஓர் ஒப்பந்தம். எவ்வளவு, எதுவரைக்கும், காயம்பட்டால் என்ன. அந்தத் தாளை ஏற்றாமல் பதிவு எண் வராது என்று உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் வையுங்கள். வயதுச் சான்றிதழ் இல்லாமல் பதிவு ஆகாது என்று வைத்திருக்கிறீர்கள். இதையும் வைக்க முடியும்.

2022இல் உங்கள் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்யாண் சௌபே கோல்கீப்பராக ஆடியவர். கூட்டமைப்பு 1937இல் தொடங்கியதிலிருந்து ஆட்டக்காரர் ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நீதிபதி நாகேஸ்வர ராவ் வரைந்து உச்ச நீதிமன்றம் ஏற்ற புதிய சட்டவிதிகளில் முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பொதுக்குழுவில் இடம் வந்திருக்கிறது. எனவே உங்கள் மேசையைச் சுற்றி இப்போது முட்டில் தழும்பு உள்ளவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம்தான் இதைப் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த "டக்" சத்தம் என்ன என்று அவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அடுத்த பதிவுக் காலத்துக்கு எங்கள் கிளப்பிலிருந்து பதினொரு பேர் போகிறார்கள். ஒன்பது பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். படிவம் நிரப்பிக்கொடுப்பவன் நான்தான். என் பையன் தானும் வருவேன் என்கிறான். நூலில் அந்த ஒரு விரல்கடை குறையட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அம்மா படிவத்தை வாங்கி, மீனவர் நல வாரியத் தாள்களைப் படிக்கிற அதே கவனத்தோடு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துப் பார்ப்பார். அவர் தேடுகிற வரி அதில் இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
தூத்தூர்க் கரையிலிருந்து,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்